துறைமுகப் பதிவேடும் கைப்பேசிப் படைப்பாளரும்

திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் 1946-ஆம் ஆண்டு விளையாட்டு பலூன்கள் செய்யத் தொடங்கிய கே. எம். மாம்மன் மாப்பிள்ளையின் எளிய முயற்சி பின்னர் எம்.ஆர்.எஃப். என்ற பெயரால் டயர் வர்த்தகத்தில் நிலைபெற்றதையும், 1948-இல் தோன்றி எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிக் கொடுத்த அசோக் மோட்டார்ஸ் 1955-இல் அசோக் லேலண்டு என உருமாறி லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் பேர்பெற்றதையும், அதே 1955-இல் உதயமான என்ஃபீல்டு இந்தியாவின் புல்லட் வண்டி திருவொற்றியூர் ஆலையிலிருந்து நாடெங்கும் பரவியதையும் ஒருசேர எண்ணிப் பார்ப்போர்க்கு ஓர் உண்மை விளங்கும். இந்தியாவின் விளம்பரப் பலகைகளில் தலைமுறை தலைமுறையாக இடம்பெற்ற பெயர்களில் சில, இராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் இடைப்பட்ட இந்தக் குறுகிய கடலோரப் பிரதேசத்தில்தான் உருவாயின. சரக்கைச் செய்து அனுப்பியவை இவ்வூர்க் கைகள். அதைப் புகழ்ந்து பேசும் முகமும் குரலும் வேறிடத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டன. டயரைத் தலைக்குமேல் தூக்கி நிற்கும் எம்.ஆர்.எஃப். மல்லன்கூட, 1964-இல் பம்பாய் விளம்பர நிபுணர் அலிக் பதம்ஸீயின் கற்பனையில் பிறந்தவனே.

அந்நிலை இன்று மாறத் தொடங்கியிருக்கிறது. காசிமேட்டு மீனை வாங்கி வந்து குழம்பு வைத்துக் காட்டும் குடும்பப் பெண்ணும், கானா பாடும் இளைஞனும், கருவாட்டின் தரம் பார்க்கச் சொல்லித் தரும் வியாபாரியும் தத்தம் கைப்பேசியையே மேடையாகக் கொண்டு, சில ஆயிரம் பேராயினும் நிலையான பார்வையாளரைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். விளம்பரத் துறையார் ஆயிரத்திலிருந்து பத்தாயிரம் பேர் வரை பின்தொடர்வோரை உடையவரை ‘நானோ’ என்றும், அதற்குமேல் ஒரு லட்சம் வரை உள்ளவரை ‘மைக்ரோ’ என்றும் வகுக்கிறார்கள். இச்சிறியவர்களையும் நிறுவனங்களையும் ஒன்றுகூட்டும் இணையத் தளம் ஒன்றை எவ்வாறு அமைப்பது என்பதே இக்கட்டுரையின் விசாரணை. என் முடிவை முதலிலேயே கூறிவிடுகிறேன்: தளத்தின் தலையாய கடமை ஆளைத் தேடிக் கொடுப்பதன்று, வேலை நடந்தபின் கூலி வந்து சேர்வதையும், செய்த பொருள் யாருடையது என்பதையும், அடுத்த வேலை நியாயமாகப் பங்கிடப்படுவதையும் உறுதி செய்வதேயாகும். இதற்கு வழிகாட்டும் முன்னுதாரணம் கலிபோர்னியாவில் இருப்பதைக் காட்டிலும் நம் சென்னைத் துறைமுகத்தின் வாசலிலேயே கூடுதலாக இருக்கிறது.

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் சற்று நேரம் நின்றால், இன்றைய வழக்கம் எத்தகையது என்பது பிரத்தியட்சமாகத் தெரியும். கடைக்காரர் பாலிதீன் உறையைக் கிழித்துச் சுடிதாரையும் நைட்டியையும் ஒவ்வொன்றாக உதறி விரிக்கிறார். எதிரே நிற்கும் இளம்பெண், துப்பட்டாவில் குத்திய சிறிய மைக்குடன் கைப்பேசியை உயர்த்திப் பிடித்து, “அண்ணா, ஒரு பீஸ் எடுத்தாலும் இதே ரேட்தானா? கூரியர் உண்டா?” என்று கேட்கிறாள். அவர் விலையைச் சொல்லி, வாட்ஸ்அப் எண்ணைச் சொல்லி, எந்தச் சந்தில் திரும்ப வேண்டும் என்பதையும் சொல்லி முடிக்கிறார். வீட்டுக்குப் போய் அதை வெட்டி ஒட்டி, எழுத்துச் சேர்த்து, இரவுக்குள் ரீல்ஸாக வெளியிட்டாக வேண்டும். இவ்வளவுக்கும் சன்மானம் எவ்வளவு என்பது சில வேளைகளில் முன்கூட்டிப் பேசப்படுகிறது. சில வேளைகளில் இரண்டு சுடிதார் ஒரு பையில் போட்டுத் தரப்படுகிறது. சில வேளைகளில் “வியூஸ் போகட்டும், பார்க்கலாம்மா” என்ற வார்த்தையோடு நின்றுவிடுகிறது. எழுத்தில் ஒன்றுமில்லை. பெரிய நிறுவனத்தின் வேலையானால் இடையில் ஒரு ஏஜென்சியும் அதற்குக் கீழே ஓர் ஒருங்கிணைப்பாளரும் இருப்பதால், பணம் யாரிடம் தங்கியிருக்கிறது என்பதே படைப்பாளருக்குப் புலப்படாமற் போகிறது.

விளம்பர வருமானத்தில் யூடியூப் தரும் பங்கு இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். அப்பங்கைப் பெற ஆயிரம் சந்தாதாரரும் ஓராண்டில் நாலாயிரம் மணி நேரப் பார்வையும் வேண்டுமென்று அந்நிறுவனம் 2018-இல் விதித்தது; வாயிலைத் தாண்டியபின்னும் சிறு சேனலுக்குக் கிடைப்பது சொற்பமே. ஆகவே சிறு படைப்பாளருக்கு உண்மையான ஜீவனோபாயம், நிறுவனங்கள் நேரே தரும் ‘கொலாப்’ வேலைதான்.

இவ்வேலையைத் தரகு செய்யும் தளங்கள் இல்லாமலில்லை. 2013-இல் அமெரிக்காவில் தோன்றிய ஃபேம்பிட், ஐயாயிரம் பேர் பின்தொடரும் எளியவரும் நிறுவனத்தின் அறிவிப்பைப் படித்துத் தம் யோசனையையும் விலையையும் தாமே எழுதி அனுப்பலாம் என்ற வசதியைத் தந்தது. அதற்காக இரு தரப்பிடமும் தரகு பெற்றது. 2016-இல் அதைக் கூகுள் விலைக்கு வாங்கியது. 2020-இல் பெயர் யூடியூப் பிராண்டுகனெக்ட் என்றாகி, எவரும் தாமே நுழைந்து பேரம் பேசக்கூடிய அந்தத் திறந்த சந்தை மூடப்பட்டது. நம் சென்னையிலேயே சோஷியல் பீட் நிறுவனத்தார் இன்ஃப்ளூயன்சர்.இன் என்ற தளத்தை நடத்துகின்றனர். இவையனைத்தும் தேடுதல் என்ற பிரச்சினையைத் திறம்படத் தீர்த்தவை. எனினும் நிறுவனம் தேடும்போது ஊர், வயது, பார்வையாளர் எண்ணிக்கை என்ற சல்லடைகளில் முதலில் கழிவது யார் என்பதை நாம் கேட்க வேண்டும். சினிமா பல ஆண்டுகளாக வடசென்னைக்குக் கத்தியும் ரத்தமுமாக ஒரு முகத்தை வரைந்து வைத்திருக்கிறது. அம்முகத்தைக் கண்டு அஞ்சும் விளம்பர அதிகாரி, தண்டையார்ப்பேட்டைத் தமிழைக் கேட்டதுமே அடுத்த பெயருக்குப் போய்விடுவது கடினமன்று. இராயபுரத்தில் பிறந்து கானாவை மேடையில் பாடிய இசைவாணியை பிபிசி 2020-ஆம் ஆண்டின் நூறு பெண்களுள் ஒருவராகத் தேர்ந்தது. அந்தத் தெரிவு எந்தச் சல்லடையின் உபகாரத்தாலும் நிகழ்ந்ததன்று.

இனித் துறைமுகத்துக்கு வருவோம். கப்பல் என்பது நாள்தோறும் சீராக வருவதன்று. ஒரு நாள் ஆயிரம் பேர் வேண்டியிருக்கும். மறுநாள் நூறு பேருக்கும் வேலையிராது. ஆதலால் விடியற்காலையில் வாசலில் கூட்டம் கூடுவதும், மேஸ்திரி தனக்கு வேண்டியவர் தோளைத் தொட்டு உள்ளே அழைப்பதும், அழைக்கப்பட்டவர் தம் கூலியில் ஒரு பகுதியை அவருக்கே திருப்பிக் கொடுப்பதும் உலகத் துறைமுகங்கள் பலவற்றிலும் வழக்கமாயிருந்தன. இங்கிலாந்து 1947-இல் தேசியத் திட்டம் ஒன்றால் இதற்கு முடிவுகட்ட முயன்றது. நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டின் துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் அதே நோக்கத்தோடு பிறந்தது. அச்சட்டத்தின்கீழ்ப் பம்பாய், கல்கத்தா, மதராஸ் முதலிய துறைமுகங்களுக்குத் தனித்தனித் திட்டங்கள் வகுக்கப்பட்டன. மதராஸ் திட்டம் 1956-இல் விரிவாக எழுதப்பட்டது.

அத்திட்டத்தின் நுட்பம் வியக்கத்தக்கது. தொழிலாளி மட்டும் பதிவு செய்துகொண்டால் போதாது. கப்பலில் சரக்கை ஏற்றி இறக்கும் வேலையைக் கொடுக்கும் ஸ்டீவடோரும் பதிவேட்டில் இடம்பெற வேண்டும், பதிவு பெறாதவர் ஆளெடுக்க இயலாது. பொதுத் தொகுப்பில் இருந்த தொழிலாளருக்கு வேலை முறை வைத்துச் சுழற்சியாக வழங்கப்பட்டது. வேலைக்குத் தயாராக வந்து நின்றும் கப்பலில்லாத நாளுக்கு வருகைப் படியும், மாதத்தில் குறிப்பிட்ட நாட்களுக்குக் குறைந்தபட்சக் கூலி உத்தரவாதமும் இருந்தன. இதை நிர்வகிக்கும் செலவு, வேலை கொடுப்போரிடம் வசூலித்த தீர்வையிலிருந்து வந்தது. தொழிலாளியின் கூலியிலிருந்து தரகு பிடிக்கப்படவில்லை. வாரியத்திலோ அரசாங்கம், முதலாளிகள், தொழிலாளர் ஆகிய முத்தரப்பும் சம எண்ணிக்கையில் அமர்ந்தனர். சுருங்கச் சொன்னால், கணிப்பொறி இல்லாத காலத்தில், பல முதலாளிகளுக்கும் பல உதிரித் தொழிலாளருக்கும் நடுவே நின்ற ஒரு தளம் அது; அதன் அமைப்பாளர்கள் ஆளைத் தேடும் வேகத்தைக் காட்டிலும் கூலியின் நிச்சயத்தையே முதற்கண் கருதினார்கள்.

அது குறையற்றது என்று நான் சொல்லவில்லை. பதிவேட்டில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதை வாரியமே வரையறுத்ததனால், வெளியில் நின்றவருக்கு அது மூடிய கதவாயிற்று. 1983 டிசம்பரில் சென்னைத் துறைமுகத்தில் நாட்டின் முதல் தனிக் கன்டெய்னர் முனையம் திறக்கப்பட்டபின் மூட்டை சுமக்கும் வேலையே சுருங்கியது. 1997-இல் இயற்றப்பட்ட மற்றொரு சட்டம், இவ்வாரியங்களைத் துறைமுக நிர்வாகங்களோடு இணைத்துவிட வழிசெய்தது. இணையத் தளத்துக்கு அக்கதவை மூட வேண்டிய அவசியமில்லை. பெயரை எழுதிக்கொள்ள இடப்பற்றாக்குறை இங்கே கிடையாது. ஆனால் இருபுறப் பதிவு, முன்கூட்டிய பணம், சுழற்சி, கொடுப்பவரிடம் மட்டும் தரகு என்ற நான்கும் அப்படியே எடுத்துக்கொள்ளத் தக்கவை. நிறுவனம் வேலையை அறிவிக்கும்போதே முழுத் தொகையையும் ஒரு வங்கியின் பொறுப்புக் கணக்கில் செலுத்திவிட வேண்டும். காணொளி ஒப்புக்கொள்ளப்பட்டாலோ, குறித்த நாட்களுக்குள் நிறுவனம் மறுமொழி சொல்லாவிட்டாலோ அத்தொகை தானாகப் படைப்பாளருக்குச் சேர வேண்டும். ஓர் அறிவிப்புக்குத் தகுதியுடையோர் முப்பது பேர் இருப்பின், சென்ற மாதம் வேலை பெறாதவர் பெயர் பட்டியலில் முன்னே வர வேண்டும். அதிகம் பார்க்கப்பட்டவரையே மேலும் மேலும் முன்னிறுத்தும் தளம், சிறியவருக்கான தளமென்று தன்னைச் சொல்லிக்கொள்ளத் தகாது.

தாமதக் கூலிக்குச் சட்டத்திலேயே ஒரு மருந்து உண்டு. பலரும் அதை உபயோகிப்பதில்லை. மத்திய அரசின் உத்யம் பதிவு பெற்ற குறுந்தொழில் சேவைத் தொழிலாகவும் இருக்கலாம் என்பதால், தனியொருவராகக் காணொளி செய்பவரும் அப்பதிவைப் பெறக்கூடும். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் எது எழுதியிருந்தாலும் 45 நாட்களுக்குமேல் பணத்தை நிறுத்தி வைக்கலாகாது. தவறினால் வங்கி விகிதத்தைப் போல மும்மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும். அவ்வாறு காலங்கடந்து நிற்கும் தொகையை அந்த ஆண்டின் செலவாக நிறுவனம் வருமான வரிக் கணக்கில் காட்டவும் 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல் தடை இருக்கிறது. பதிவு செய்துகொள்ளத் தளமே உதவி, அந்த எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிடச் செய்தால், எண்ணூரில் இருக்கும் ஒருவர் மும்பையிலுள்ள கணக்குப் பிரிவுக்குப் பத்து முறை போன் போடும் அவசியம் பெரிதும் குறையும்.

சொத்துரிமை விஷயத்தில் நான் சற்று நின்று பேச விரும்புகிறேன். ஏனெனில் படைப்பாளர் அறியாமலே இழப்பது இங்கேதான். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில், ஒருவர் கேட்டுக்கொண்டு பணம் கொடுத்து எடுக்கச் செய்த புகைப்படத்துக்கும் திரைப்படத்துக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாவிடில், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர் என்கிறது. ஒலியோடு கூடிய காட்சிப் பதிவு யாவும் அச்சட்டத்தின் பார்வையில் திரைப்படமே. முப்பது விநாடி ரீல்ஸும் விலக்கன்று. எனவே எழுத்தில் ஒன்றுமில்லாமல் வாய்ப்பேச்சில் முடிந்த வேலையில், எம்.சி. ரோட்டில் கண்ட அந்தப் பெண் பேசி எடுத்த காணொளி பணம் கொடுத்தவருக்கே உரியதென்று வாதிட இடம் ஏற்படுகிறது. அதை அவர் தொலைக்காட்சியிலும் கடை வாசல் திரையிலும் ஆண்டுக்கணக்கில் ஓட்டலாம். உரிமையை எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்றும், பிரதேசம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டம் படைப்பாளருக்கு ஒரு பாதுகாப்பு வைத்திருக்கிறது. முதல் உரிமையே மற்றவரைச் சேர்ந்துவிட்டால் அந்தப் பாதுகாப்புக்கு வேலையேயில்லை. ஆகையால் தளத்தின் பொது ஒப்பந்தத்தில், உரிமை படைப்பாளருடையது, நிறுவனத்துக்கு இன்ன ஊடகத்தில் இத்தனை மாதம் பயன்படுத்தும் அனுமதி மட்டுமே, நீட்டிப்புக்குத் தனிக் கட்டணம் என்ற வாசகம் முன்னரே அச்சாகியிருக்க வேண்டும். கானாப் பாடகரின் மெட்டையும் குரலையும் பொறுத்தவரை இது இன்னும் அவசியம். அவருக்குக் குரலே முதல், அதற்கு மாற்று முதல் கிடையாது.

பொது ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டிய இரண்டாவது, இப்பிரதேசத்துக்கே விசேஷமான ஒரு நிபந்தனை. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கடலில் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கலந்த எண்ணெய் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் படிந்து படகையும் வலையையும் கறுப்பாக்கியது. அதே மாதம் 26-ஆம் நாள் இரவு பெரியகுப்பத்தின் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மக்கள் மூச்சுத் திணறி வீட்டைவிட்டு ஓடினார்கள். இச்சம்பவங்களை உலகம் கண்டதில், மீனவர் கைப்பேசிகள் எடுத்த படங்களுக்குப் பெரும் பங்குண்டு. நேற்று இறால் தொக்குச் செய்து காட்டிய சேனல்தான் இன்று எண்ணெய் படிந்த இறாலையும் காட்டுகிறது. விளம்பர ஒப்பந்தங்களிலோ, நிறுவனத்தையும் அதன் துணை நிறுவனங்களையும் இழிவாகப் பேசலாகாது என்றொரு வாசகம் சாதாரணமாக நுழைக்கப்படுகிறது. தொழிற்சாலைகளுக்கு நடுவே வாழும் படைப்பாளர் இதில் கையெழுத்திட்டால், சில ஆயிரம் ரூபாய்க்காகத் தம் ஊரின் சாட்சியாகும் உரிமையை அடகு வைத்தவராகிறார். விளம்பரம் செய்த பொருளைப் பற்றிக் குறிப்பிட்ட சில வாரங்கள் மாறாகப் பேசாதிருப்பது நியாயமான நிபந்தனை. ஊரின் காற்று, நீர், உயிர்ப் பாதுகாப்பு, தொழிலாளர் கூலி ஆகியவை பற்றிய பேச்சை எந்த விளம்பர ஒப்பந்தமும் கட்டுப்படுத்தாது என்று தளம் தன் விதியிலேயே எழுதி, அதை மாற்ற விரும்பும் நிறுவனத்தைச் சேர்த்துக்கொள்ள மறுக்க வேண்டும். இவ்வொரு விதியில் எனக்குச் சமரசமில்லை. ஒரு வேலையை வேண்டாமென்று சொன்னவரின் பெயர் அதனால் பட்டியலில் கீழிறங்கலாகாது என்பதும் இதனோடு சேர்ந்ததே.

விளம்பரம் என்று வெளிப்படையாக அறிவிக்கும் கடமையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்திய விளம்பரத் தர மன்றத்தின் நெறிமுறை 2021 ஜூன் 14 முதல் நடப்பில் உள்ளது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் தந்த வழிகாட்டுதல், விளம்பரம் எந்த மொழியிலோ அந்த மொழியிலேயே அறிவிப்பும் இருக்க வேண்டும் என்கிறது. தவறான விளம்பரத்துக்குத் துணைபோனவர்க்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடந்தருகிறது. இத்தொகை திரை நட்சத்திரத்துக்கும் நானோ படைப்பாளருக்கும் ஒன்றே. ஆகவே ‘இது விளம்பரம்’ என்ற தமிழ் முத்திரை இல்லாத காணொளியைத் தளம் ஏற்காதிருப்பது அவருக்கே செய்யும் உதவி. இலவசப் பொருளுக்கும் கணக்குண்டு: ஒரே நிறுவனத்திடம் ஓராண்டில் பெற்றவை இருபதாயிரம் ரூபாயைத் தாண்டினால் பத்துச் சதவீத வரிப் பிடித்தம் 2022 ஜூலை முதல் பொருந்தும். திருப்பிக் கொடுத்த பொருள் இதில் சேராது.

எஞ்சியது பதிவேடு. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடை செய்தபோது, அதில் ஆண்டுக்கணக்காக வளர்த்த பார்வையாளரை எளிய படைப்பாளர் பலர் ஒரே இரவில் இழந்தார்கள்; தடையின் நியாயம் வேறு விஷயம், இழந்தவரின் கையில் தாம் செய்த வேலைக்கு ஒரு துண்டுச் சான்றும் இல்லை என்பதே இங்கு நான் குறிக்க வந்தது. செய்து முடித்த வேலை, நேரத்தில் தந்தது, கிடைத்த பணம் ஆகியவற்றின் சான்றிதழ், தளம் மறைந்தாலும் படைப்பாளரோடு போகத்தக்கதாக அவருடைய உடைமையாகவே இருக்க வேண்டும். நிறுவனத்தின் நடத்தையும் அவ்வாறே, எத்தனை நாளில் பணம் கொடுத்தது, எத்தனை முறை திருத்தம் கேட்டது என்று எல்லாரும் காணப் பதிவாக வேண்டும். பின்தொடர்வோர் எண்ணிக்கையை நம்பி மட்டும் மதிப்பிடுவது பிரயோஜனமற்றது. அவ்வெண்ணைக் காசுக்கு விற்ற டெவூமி என்ற நிறுவனத்தின்மேல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 2019-இல் நடவடிக்கை எடுத்ததே அதற்குப் போதிய சாட்சி. திருவொற்றியூர்ப் பெண் ஒருத்தியின் சொல்லைக் கேட்டு நாற்பது பேர் ஒரு கடைக்கு நேரில் போனார்களாயின், அக்கடைக்கு அதுவே கணக்கு.

தமிழ்நாடு அரசு 2023 டிசம்பரில், செயலி வழியாக உணவும் பொருளும் கொண்டுசெல்லும் தொழிலாளர்க்கென நல வாரியம் ஒன்றை அமைத்தது. விளம்பரக் காணொளி செய்து பிழைப்போரும் தளத்தை நம்பிய தொழிலாளரே என்று ஏற்று, அவர்களையும் அவ்வாரியத்தில் சேர்ப்பதைப் பற்றி அரசு யோசிக்க வேண்டும். முத்தரப்பும் அமர்ந்த பழைய துறைமுக வாரியத்தின் இயல்பு அதன்வழி இங்கும் வரக்கூடும். தளம் கட்ட முனையும் இளைஞர்களுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் இதனினும் சிறியது. உங்கள் ஒப்பந்தப் படிவத்தைத் தமிழில், கடற்கரையில் நின்றபடி ஒருவர் படித்து விளங்கிக்கொள்ளும் இரண்டு பக்கங்களில், கூலியும் காலமும் உரிமையும் தெளிவாகத் தெரியும்படி முதலில் எழுதுங்கள். தேடுபொறியைப் பிறகு கட்டிக்கொள்ளலாம்.